உங்கள் பட்டறையில் ஓர் இடம்

(கோவையில் சிறுதொழில் முனைவோர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் தொழில் முனைவோர் பெருமக்களே, லேத் முன்னால் நின்று தொடங்கி இன்று பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நண்பர்களே, பின்வரிசையில் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் ஐடிஐ மாணவத் தம்பிகளே, தங்கைகளே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருள். தொழில் பழகுநர். நம் பட்டறைப் பேச்சில் அப்ரண்டிஸ். ஆண்டுக்கு ஒரு பழகுநருக்காவது உங்கள் ஒவ்வொருவர் பட்டறையிலும் இடம் வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன். நான் நன்கொடை கேட்கவில்லை, சிபாரிசுக்கும் வரவில்லை. ஓர் இடம் கேட்கிறேன். லேத்துக்குப் பக்கத்தில், அனுபவப்பட்ட ஒரு தொழிலாளியின் தோளுக்கு அருகில், ஒரு பிள்ளை நின்று பார்க்கவும் செய்யவும் ஓர் இடம்.

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் கேளுங்கள், கணபதியில் கேளுங்கள், ஆவாரம்பாளையத்தில் கேளுங்கள், அரசூர்ப் பக்கம் போய்க் கேளுங்கள். எங்கும் ஒரே பேச்சுத்தான். "நல்ல டர்னர் கிடைக்கிறதில்லீங்க." "மோல்டர் கிடைக்கிறதில்லீங்க." "சிஎன்சி ஓட்ட ஆள் வராங்க, செட்டிங் போடத் தெரிஞ்ச ஆள் வரமாட்டேங்கறாங்க." உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன். செட்டிங் போடத் தெரிந்த ஆள் எங்கிருந்து வருவார்? எந்த ஊரில் அவர் விளைகிறார்? யாரோ ஒருவர், எங்கோ ஒரு பட்டறையில், ஒரு எந்திரத்தை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தால்தானே அவர் உருவாவார்? அந்த யாரோ ஒருவர் நீங்களாக ஏன் இருக்கக் கூடாது?

"ஐடிஐ எதற்கு இருக்கிறது?" என்று கேட்பீர்கள். ஐடிஐயில் பயிற்றுநராக இருந்தவன் நான். அங்கே எது முடியும், எது முடியாது என்பதை அறிந்து சொல்கிறேன். டர்னர், ஃபிட்டர் படிப்பு இரண்டு ஆண்டு. வெர்னியர் பார்க்க, டிராயிங் படிக்க, டூல் தீட்ட, பாதுகாப்பாக நிற்க, எல்லாம் அங்கே சொல்லிக்கொடுக்கலாம். இப்போது தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளுக்கு டாடா டெக்னாலஜிஸ் கூட்டோடு நவீன எந்திரங்களும் வந்திருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் ஐடிஐயில் வாடிக்கையாளர் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு லோடு போக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. ஒரு ஜாப் கழிந்தால் எவ்வளவு நட்டம் என்ற கணக்கு இல்லை. அங்கே வருவது சீரான இரும்புத் தண்டு. உங்கள் பட்டறைக்கு வருவது ஃபவுண்டரியிலிருந்து வந்த வார்ப்பு. கோணல் உண்டு, மேல்தோல் கடினம் உண்டு, உள்ளே மணல் இருந்தாலும் இருக்கும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு பம்ப் கேசிங்கை நாலு தாடைச் சக்கில் பிடித்திருக்கிறார்கள். பழகுநர் பையன் சக்கைச் சுற்றிவிடுகிறான், ஜாப் தள்ளாடுகிறது. பக்கத்தில் நிற்கும் மூத்த டர்னர் ஒரு சாக்பீஸை எடுத்து, கையை டூல் போஸ்ட்டில் ஊன்றி, சுற்றும் ஜாப்பை மெல்லத் தொடுகிறார். எந்திரத்தை நிறுத்துகிறார்.

"தம்பி, சாக்பீஸ் எங்க பட்டிருக்குன்னு பாரு."

"ஒரு பக்கந்தாண்ணா பட்டிருக்குது."

"அந்தப் பக்கந்தான் வெளிய துருத்தீட்டிருக்குது. எதிர்த் தாடையக் கொஞ்சம் லூஸ் பண்ணு. இப்ப இத இறுக்கு. கொஞ்சமா. மறுபடி சுத்து."

மூன்று தடவை, நான்கு தடவை. சாக்பீஸ் கோடு முழு வட்டமாக விழுகிறது. அதன் பிறகுதான் டயல் கேஜ். அதன் பிறகு முதல் வெட்டு. அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது. பயந்து பயந்து மேலோட்டமாக வெட்டினால் வார்ப்பின் தோல் டூல் முனையைத் தின்றுவிடும். முதல் வெட்டு தோலுக்கு அடியில் போக வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு ஆழம் என்பதை அந்த மூத்தவர் சத்தத்தை வைத்துச் சொல்கிறார். அந்தச் சத்தத்தைப் பையன் கேட்க வேண்டும். கேட்பதற்கு அவன் அங்கே நிற்க வேண்டும். நிற்பதற்கு நீங்கள் இடம் கொடுக்க வேண்டும்.

அந்த மூத்த டர்னருக்கு வயது என்ன? உங்கள் பட்டறையை நினைத்துப் பாருங்கள். மிகச் சிக்கலான ஜாப்பை யாரிடம் கொடுக்கிறீர்கள்? அவருக்கு ஐம்பத்தைந்தா, அறுபதா? இன்னும் எத்தனை ஆண்டு அவர் வருவார்? அவர் கையில் இருப்பது யார் கைக்குப் போகிறது? யாரும் இல்லை என்றால், அவர் ஓய்வு பெறும் நாளில் உங்கள் பட்டறையிலிருந்து அந்த வேலையும் சேர்ந்து வெளியேறுகிறது. எந்திரம் வாங்க வங்கிக் கடன் கிடைக்கும். அந்தக் கையை வாங்க எந்த வங்கியும் கடன் கொடுக்காது.

நண்பர்களே, இந்த ஊர் எப்படித் தொழில் நகரமானது? பஞ்சாலைகள் வந்தன. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கிணற்றுப் பாசனத்துக்குப் பம்பும் மோட்டாரும் தேவைப்பட்டன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இங்கேயே மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இந்த வரலாறு உங்களுக்கு மனப்பாடம். ஆனால் அதற்கும் முன்பே 1926இல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை ஒரு தொழிற்பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியது என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. அங்கே பயிற்சியும் உற்பத்தியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. கற்றுக்கொள்கிறவன் செய்த பொருள் சந்தைக்குப் போனது. இந்த ஊருக்குக் கைகள் கிடைத்தது அப்படித்தான்.

ஜி.டி. நாயுடுவைப் பற்றி எல்லோரும் பெருமையோடு சொல்வோம். கலங்கலில் பிறந்தவர், ஓர் உணவகத்தில் வேலைபார்த்துக் காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரியிடம் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் போட்டுத் தொழில் கற்றவர். கேட்க இனிக்கும் கதை. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் அவர் தாமே பிரித்துப் பார்த்தார். அப்படிக் கற்கக்கூடியவர் தலைமுறைக்கு ஒருவர். அதனால்தான் பிற்காலத்தில் அவரே கல்வி நிலையம் தொடங்கினார், தொழிற்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று வாதாடினார். மேதைக்கு ஆசிரியர் இல்லாமலும் நடக்கும். நம் ஊரின் சாதாரணப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும்.

இப்போது உங்கள் மனத்தில் இருக்கும் பெரிய தடைக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும்முன் நானே சொல்லிவிடுகிறேன். "பழக்கிவிட்டால் போய்விடுவான்." அதுதானே? ஓர் ஆண்டு சொல்லிக்கொடுப்போம், ஜாப்பைக் கழிப்பான், டூலை உடைப்பான், எல்லாம் பொறுப்போம். கை தேறியதும் பெரிய கம்பெனிக்காரன் இரண்டாயிரம் கூடக் கொடுத்துத் தூக்கிப்போய்விடுவான். பிறகு நான் எதற்குப் பழக்க வேண்டும்?

நியாயமான வருத்தம். அதை அலட்சியமாகத் தள்ள மாட்டேன். ஆனால் இந்த அவையைப் பார்த்து ஒன்று கேட்கிறேன். உங்களில் எத்தனை பேர் இன்னொருவர் பட்டறையில் வேலை கற்றவர்கள்? கையை உயர்த்துங்கள், பார்க்கலாம்.

பாருங்கள் எத்தனை கைகள்! நீங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பழகிவிட்டுப் போனவர்கள்தானே? யாரோ ஒருவர் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தீர்கள். கூட்டினீர்கள், துடைத்தீர்கள், பிறகு டிரில்லிங், பிறகு லேத். ஒருநாள் சொல்லிவிட்டு வெளியே வந்து, பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டு, வாடகைக் கொட்டகையில் ஜாப் ஒர்க் ஆரம்பித்தீர்கள். உங்கள் முதல் ஆர்டர் எங்கிருந்து வந்தது? பலருக்கு அந்தப் பழைய முதலாளியிடமிருந்தே வந்திருக்கும். அவர் உங்களை இழந்தாரா? ஒரு வேலைக்காரரை இழந்தார். நம்பி வேலை கொடுக்க ஒரு பட்டறையைப் பெற்றார். கோவையில் பட்டறைக்குப் பட்டறை கிளைத்தது அப்படித்தான். அன்று அந்த முதலாளிகள் எல்லோரும் "பழக்கினால் போய்விடுவான்" என்று கதவைச் சாத்தியிருந்தால், இந்த மண்டபத்தில் இன்று எத்தனை நாற்காலி காலியாக இருக்கும்?

இன்னொன்றும் யோசியுங்கள். ஒருவர் மட்டும் பழக்கி, ஒன்பது பேர் தூக்கிக்கொண்டு போனால் அந்த ஒருவருக்கு நட்டம். பத்துப் பேரும் பழக்கினால்? போகிறவனும் இருப்பான், வருகிறவனும் இருப்பான். ஊரில் கை தேறியவர்கள் எண்ணிக்கை கூடும். ஆகவே இது தனி ஒருவர் தயாள குணத்தால் தீரும் விஷயம் அன்று. சேர்ந்து செய்ய வேண்டியது. அதனால்தான் இதை ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லாமல் உங்கள் சங்கத்தின் மேடையில் நின்று சொல்கிறேன்.

ஜெர்மனியில் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே 1969இலேயே தொழிற்பயிற்சிக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் வருகின்றன. பிள்ளை வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், மீதி நாள் தொழிற்பள்ளியில். இரண்டு முதல் மூன்றரை ஆண்டு. கடைசித் தேர்வை நடத்துவது எது தெரியுமா? பழக்கிய நிறுவனம் இல்லை. அந்த வட்டாரத்துத் தொழில் வணிகச் சபை. தொழில் நடத்துகிறவர்களின் சங்கம்! அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பிள்ளை நாடெங்கும் போகலாம். போகலாம் என்று தெரிந்தேதான் அங்கே பட்டறைக்காரரும், பேக்கரிக்காரரும், மின்பணிக்காரரும் பழக்குகிறார்கள். பழக்குகிறவருக்கும் அங்கே தகுதி வேண்டும். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவரும் படித்துத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது இந்த ஒன்றுதான். தொழில் தெரிவது வேறு, தொழிலைச் சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

ஜெர்மனி வரை போவானேன்? ஓசூருக்குப் போவோம். 1984இல் டாடாவும் நம் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கியபோது ஓசூரில் கடிகாரம் செய்யத் தெரிந்தவர் யார் இருந்தார்கள்? "அனுபவம் உள்ளவர் தேவை" என்று பலகை மாட்டிவிட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேடி எடுத்தார்கள். பழக்கினார்கள். வீட்டைவிட்டு வந்த அந்த இளம் வயதுப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளப் பெற்றோர் ஸ்தானத்தில் ஆட்களையும் அமர்த்தினார்கள். மயிரிழைத் தடிமன் உள்ள பாகங்களைக் கையாளும் தொழில் அது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளையின் விரலுக்கு அது வந்ததா, இல்லையா? வந்தது.

அடுத்து, "அது பெரிய நிறுவனம், என்னிடம் இருப்பது எட்டுப் பேர்" என்பீர்கள். சட்டம் உங்களையும் கணக்கில் எடுத்திருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டம். 2014இல் திருத்தினார்கள், 2019இல் விதிகளை இன்னும் தளர்த்தினார்கள். முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் கட்டாயம் பழகுநர் எடுக்க வேண்டும். மொத்த ஆட்களில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை. நான்கு பேர் உள்ள பட்டறைகூட விரும்பினால் எடுக்கலாம். 2019 விதிகளில் உதவித்தொகை படிப்புக்குத் தக்கபடி மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று குறைந்தபட்சம் வைத்தார்கள். ஐடிஐ முடித்தவருக்கு 7,000. தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அதில் கால் பங்கு, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. "எடுத்தால் நிரந்தரம் கேட்பானே" என்ற பயமும் வேண்டாம். ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிக் கொடுத்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தக் குறைந்தபட்சம் குறைந்தபட்சம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சிங்காநல்லூரில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தாலும் வாடகை என்ன, மெஸ் பில் என்ன, பஸ் செலவு என்ன என்று உங்களுக்குத் தெரியும். மானாமதுரையிலிருந்தோ அரூரிலிருந்தோ வரும் பிள்ளை அதில் எப்படிக் காலம் தள்ளுவான்? முடிந்தவர்கள் கூடக் கொடுங்கள். முடியாதவர்கள் மதியச் சாப்பாடாவது போடுங்கள்.

சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதே இல்லை. நம் ஊருக்கென்றே எழுதினாற்போல் இருக்கிறது. இரண்டு மூன்று முதலாளிகள் சேர்ந்து, ஒரு பழகுநரைத் தங்கள் பட்டறைகளுக்குள் மாற்றி மாற்றி அனுப்பிப் பழக்கலாம். இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். கோவையில் ஒரு பம்ப் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. பேட்டர்ன் ஓர் இடம். வார்ப்பு ஓர் இடம். கடைசல் ஓர் இடம். வைண்டிங் வேறோர் இடம். அசெம்பிளியும் டெஸ்டிங்கும் இன்னோர் இடம். ஒரே பட்டறையில் ஓர் ஆண்டு நின்ற பிள்ளை, இம்பெல்லர் போர் பண்ணுவதை மட்டும் பார்த்துவிட்டுப் போவான். இந்த ஐந்து பேர் சேர்ந்தால்?

முதல் இரண்டு மாதம் ஃபவுண்டரி. அங்கே மோல்டர் ஒரு கைப்பிடி மணலை அள்ளி இறுக்கிப் பிடிக்கிறார். விரலை விரிக்கிறார். மணல் கட்டியாக நிற்கிறது, விரல் தடம் தெளிவாகத் தெரிகிறது. நடுவில் ஒடிக்கிறார். ஓரம் உதிராமல் சுத்தமாக ஒடிகிறது. "இதுதான் பதம்" என்கிறார். உள்ளங்கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். வார்ப்பில் காற்றுக்குமிழ் விழும். அந்தப் பிள்ளை நான்கு மாதம் கழித்து லேத்துக்கு வருகிறான். வெட்டும்போது உள்ளே ஓட்டை தெரிகிறது. மற்றவன் "கேஸ்டிங் சரியில்லை" என்று ஓரமாகப் போடுவான். இவனுக்கு அது எங்கே பிறந்தது என்று தெரியும். ஃபவுண்டரிக்கு ஃபோன் போட்டு ஈரத்தைப் பார்க்கச் சொல்வான். அப்படிப்பட்ட ஓர் ஆளுக்கு நீங்கள் எவ்வளவு சம்பளம் கொடுக்கமாட்டீர்கள்? இன்று அப்படிப்பட்டவர் உங்களில் யாரிடம் இருக்கிறார்?

இத்தனை சொன்ன பிறகு, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வட்டாரத்திலேயே நடந்தது என்பதால் சொல்கிறேன். பஞ்சாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியும். தென் மாவட்டங்களிலிருந்து ஏழைப் பெண்பிள்ளைகளை "பயிற்சியாளர்" என்று எழுதி அழைத்துவந்தார்கள். மூன்று ஆண்டு முடிந்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்றார்கள். விடுதிக்குள் அடைத்தார்கள். வேலை முழுத் தொழிலாளி வேலை. கூலி மட்டும் பயிற்சிக் கூலி. நடுவில் உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போன பிள்ளைக்கு அந்தத் தொகை கிடைக்காமலும் போனது. அதற்குப் பெயர் பயிற்சியா? இன்று ஒரு தாய் தன் மகளைப் பழகுநராக அனுப்பத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை உண்டாக்கியது நம் தொழில் உலகம்தான். அதைத் துடைக்க வேண்டிய கடமையும் நம்முடையதே.

பழகுநரைக் கூலி குறைந்த ஆளாக நினைக்கிறவர்கள் தயவுசெய்து எடுக்க வேண்டாம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பழகுநருக்குப் பீஸ் ரேட் கிடையாது. உற்பத்தி போனஸ் கணக்கில் அவரைச் சேர்க்கக் கூடாது. தனி அனுமதி இல்லாமல் ஓவர்டைம் கிடையாது. ஏன்? ஏனென்றால் அவர் எண்ணிக்கைக்காக வந்தவர் இல்லை, கற்க வந்தவர். காயம் பட்டால் இழப்பீடு உங்கள் பொறுப்பு. ஓராண்டு முழுதும் ஒரே பிரஸ்ஸில் நிறுத்தி, ஒரே பட்டனை அழுத்தவைத்து, ஆண்டு முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த பிள்ளையை நிறுத்துகிறவர் யாரையும் பழக்கவில்லை. ஒரு பிள்ளையின் ஓராண்டை எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் பழக்குவது எப்படி? நான் பார்த்த நல்ல பட்டறைகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பிள்ளை சேர்ந்த அன்றே "இவர்தான் உனக்கு" என்று ஒரு மூத்தவரைக் காட்டிவிடுவார்கள். "எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள்" என்றால் யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். அந்த மூத்தவருக்கு அதற்கென மாதம் ஒரு தொகை கொடுப்பார்கள். அவருடைய உற்பத்தி அந்த மாதங்களில் கொஞ்சம் குறையும் என்பதை முதலாளி முன்கூட்டியே ஏற்றுக்கொள்வார். இதைச் செய்யாமல், "டார்கெட்டும் முடி, பையனையும் பழக்கு" என்றால் அந்த மனிதர் பையனை டீ வாங்க அனுப்பிவிடுவார். அவர்மேல் தப்பில்லை.

பெண் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கிறவர்கள் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். கதவு இருக்கிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? சிஎன்சி எந்திரத்துக்கு ஆணா பெண்ணா என்று தெரியாது. மைக்ரோமீட்டருக்கும் தெரியாது. பட்டறையில் இருக்கும் மனிதர்கள் தெரிந்து நடந்துகொண்டால் போதும். நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். பெற்றோரைக் கூப்பிட்டுப் பட்டறையைச் சுற்றிக் காட்டுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். மத்திய அரசின் பழகுநர் இணையதளத்தில் உங்கள் பட்டறையைப் பதிவு செய்ய, அதன் விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தடுமாறுகிறவர்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தை அணுகுங்கள். அரசு ஐடிஐயில் நடக்கும் பழகுநர் சேர்க்கை முகாமுக்கு வாருங்கள். ஐந்து பட்டறை சேர்ந்து ஒரு பிள்ளையைப் பழக்க முன்வருகிறவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். யார் எந்த மாதம், எந்த வேலை, எந்த மூத்தவர் என்று அட்டவணையை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். பின்வரிசைத் தம்பி தங்கைகளே, நீங்களும் போய்விடாதீர்கள். உங்கள் பெயரையும் டிரேடையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி, முன்னால் இருக்கும் இந்த அண்ணன்மார்களிடம் நேரில் கொடுங்கள்.